நட்சத்திரக் குறியிட்ட பந்து

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாநிலத்தில், கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. பேஸ்பால் எனப்படும் அந்நாட்டுப் பந்தாட்டத்தின் புகழ் மண்டபமும் காட்சிச்சாலையும் அவ்வூரில்தான் அமைந்திருக்கின்றன. 2008-ஆம் ஆண்டில் அந்தக் காட்சிச்சாலைக்கு ஒரு பந்து வந்து சேர்ந்தது. வெள்ளைத் தோல், சிவப்பு நூல் தையல். மற்றப் பந்துகளினின்றும் அதை வேறுபடுத்துவது ஒன்றே. அதன் தோலின்மீது நட்சத்திரக் குறி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. நூல்களில் ஒரு சொல்லின் பக்கத்தே இக்குறியைக் கண்டால், 'இதைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது, அடியிற் காண்க' என்று நாம் பொருள் கொள்கிறோம். அந்தப் பந்தின் அடிக்குறிப்பாக எழுத வேண்டியது யாது? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

பந்தை அடித்தவர் பெயர் பாரி பாண்ட்ஸ். 2007 ஆகஸ்டு 7-ஆம் நாள் இரவு, ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து ஆட்டக்களத்தில், தம் வாழ்வின் 756-ஆவது 'ஹோம் ரன்' அடியை அவர் அடித்தார். ஹாங்க் ஆரன் என்னும் பெருவீரர் 1976-இல் 755 என்ற எண்ணோடு ஓய்வு பெற்றவர். முப்பத்தோராண்டு எவரும் எட்டாதிருந்த எண் அது. அதைக் கடந்த அடியின் பந்து கூப்பர்ஸ்டவுனில் இருக்கிறது. அடித்தவருக்கோ அந்த ஊரின் புகழ் மண்டபத்தில் இன்றுவரை இடம் கிடைக்கவில்லை.

மும்பையின் மைதானங்களிலும் கொல்கத்தாவின் ஈடன் தோட்டத்திலும் கிரிக்கெட் கண்டு பழகிய நமக்கு இந்த ஆட்டம் சற்றுப் புதியது. அடிப்படையைச் சில சொற்களில் கூறிவிடலாம். அறுபதடி தொலைவிலிருந்து ஒருவர் பந்தை எறிகிறார். பந்து தரையில் படாமலே வருகிறது. உருண்டையான மரத்தடியால் மற்றவர் அதை அடித்துவிட்டு, நான்கு தளங்களைச் சுற்றி ஓடித் தொடங்கிய இடம் சேர்ந்தால் ஓர் ஓட்டம். பந்து வேலியைத் தாண்டி விழுமாயின் அடித்தவர் அச்சமின்றிச் சுற்றி வரலாம். அதுவே ஹோம் ரன். நம் ஆட்டத்துச் சிக்ஸரைப் போன்றது எனலாம். ஆனால் அதனினும் அரியது. ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு மட்டை பிடிக்க நான்கு அல்லது ஐந்து முறையே வாய்க்கும். மிகச் சிறந்தவரும் பத்தில் ஆறேழு முறை தோற்றுத் திரும்புவார். ஓராண்டுப் பருவத்தில் 162 ஆட்டங்கள் உண்டு. அவற்றில் நாற்பது ஹோம் ரன் அடிப்பவர் முன்னணி வீரராக மதிக்கப்படுவார். இதை மனத்திற்கொண்டால் 756 என்னும் எண்ணின் கனம் புலப்படும்.

பாண்ட்ஸ் 1964 ஜூலை 24-ஆம் நாள் கலிபோர்னியாவில் பிறந்தார். தந்தை பாபி பாண்ட்ஸ், ஸான்பிரான்ஸிஸ்கோ ஜயண்ட்ஸ் குழுவில் புகழ்பெற்ற வீரர். ஞானத்தந்தையோ, 660 ஹோம் ரன் அடித்த வில்லி மேஸ். பெரிய வீரர்கள் உடை மாற்றும் அறையே அச்சிறுவன் ஓடி விளையாடிய முற்றம். 1986-இல் அவர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழுவில் களம் இறங்கினார். 1990-லும் 1992-லும் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றார். பின்னர் ஆறு ஆண்டுகளுக்கு நான்கு கோடியே முப்பத்தேழரை லட்சம் டாலர் என்ற ஒப்பந்தத்தின்மேல், தந்தை ஆடிய ஜயண்ட்ஸ் குழுவுக்கே வந்து, தந்தை அணிந்த 25 என்னும் எண்ணையே முதுகில் அணிந்துகொண்டார். வந்த முதலாண்டாகிய 1993-இல் மூன்றாம் முறையாக அதே விருது.

அந்நாளில் அவர் மெலிந்த உடலினர், ஓட்டத்தில் வல்லவர். எறிபவர் சற்று அயர்ந்தாலும் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதைத் 'தளம் கவர்தல்' என்பர். 400 ஹோம் ரன் அடித்து, 400 தளமும் கவர்ந்த முதல் மனிதர் அவரே. அச்சாதனை 1998-இல் நிறைவேறிற்று. களத்தடுப்புக்காகத் தரப்படும் தங்கக் கையுறை விருதை அதற்குள் எட்டுமுறை பெற்றிருந்தார். அவ்வாண்டு மே 28-ஆம் நாள் அரிஸோனா குழுவுடன் நடந்த ஆட்டம் ஒன்றை மட்டும் குறிப்பிட்டாற் போதும். இறுதிக் கட்டத்தில் அரிஸோனா இரண்டு ஓட்டம் முன்னணியில் இருந்தது. மூன்று தளங்களிலும் ஜயண்ட்ஸ் வீரர்கள் நின்றனர். பாண்ட்ஸ் மட்டையுடன் வந்தார். எதிர்க்குழுவின் மேலாளர், வேண்டுமென்றே பந்தை எட்டாத இடத்தில் எறியச் செய்து, அவரை இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பிவிட்டார். அதனால் ஓர் ஓட்டம் தானமாகப் போயிற்று. 'ஒன்றைக் கொடுத்தாலும் கொடுப்போம், இவரை அடிக்க விடமாட்டோம்' என்பதே அதன் பொருள். அரிஸோனா அந்த ஆட்டத்தில் வென்றது.

அந்த ஆண்டோடு அவர் ஓய்வு பெற்றிருந்தாலும் புகழ் மண்டபத்தின் கதவு தடையின்றித் திறந்திருக்கும் என்பதே ஆட்டம் அறிந்தோர் பலரின் கருத்து. இவ்வரலாற்றில் நம் நெஞ்சை உறுத்துவதும் இதுவே.

இனி, அந்த 1998-ஆம் ஆண்டில் வேறு இருவர் நிகழ்த்தியதைக் காண்போம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், சம்பளத் தகராற்றால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆண்டிறுதிப் பெரும் போட்டியே நடைபெறாமற் போயிற்று. மனங்கசந்த மக்கள் களங்களை விட்டு விலகினர். அவர்களைத் திரும்ப அழைத்து வந்த பெருமை, 1998-இல் மார்க் மெக்வயர், ஸாமி ஸோஸா என்னும் இருவர் நடத்திய ஹோம் ரன் பந்தயத்துக்கு உண்டு. ஒரு பருவத்தில் பேப் ரூத் 1927-இல் அடித்தது 60. ராஜர் மாரிஸ் 1961-இல் அடித்தது 61. மெக்வயர் 70 அடித்தார். ஸோஸா 66 அடித்தார். நாடு முழுவதும் ஆரவாரம். அப்பருவத்தின் நடுவே, மெக்வயரின் பெட்டியறையில் தசை வளர்க்கும் மருந்துக் குப்பி ஒன்று இருந்ததை நிருபர் ஒருவர் எழுதினார். அம்மருந்து அன்று கடைகளில் விற்றது. பேஸ்பால் விதியிலும் அதற்குத் தடை இல்லை. மருந்தைக் கடிந்தவர் சிலர். செய்தி எழுதியவரைக் கடிந்தவர் பலர். ஊக்க மருந்துகள் உட்கொண்டதை மெக்வயர் தாமே ஒப்புக்கொண்டது 2010-இல்தான்.

அனபாலிக் ஸ்டீராய்டு எனப்படும் இம்மருந்துகள் தசையைப் பெருக்குவன. கடும் பயிற்சிக்குப் பின் உடல் விரைந்து தேறவும் துணை செய்வன. பந்தை நொடிப்பொழுதில் கண்டறியும் கண்ணை எந்த மருந்தும் தந்துவிடாது. ஆனால் வேலிக்குச் சில அடி முன்னால் விழுந்து பிடிபடும் பந்தை, வேலிக்குச் சில அடி அப்பால் விழச்செய்ய அது போதும். ஆட்ட ஆணையர் 1991-லேயே இம்மருந்துகளைத் தடைசெய்து சுற்றறிக்கை விடுத்திருந்தார். ஆயினும் சோதனை என்பது இல்லை. பெயர் குறிக்காத கணக்கெடுப்புச் சோதனை வந்தது 2003-இல். தண்டனையோடு கூடிய சோதனை வந்தது 2004-இல். விதி எழுதியவர்கள் பதின்மூன்று ஆண்டு அதைக் காக்கக் காவல் வைக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் ஆட்டக்காரரின் கை தளர்வது இயற்கை. பாண்ட்ஸின் கை வலுத்தது. உடல் பருத்துத் தோள் விரிந்தது. அதற்குமுன் எந்தப் பருவத்திலும் ஐம்பதை எட்டாதவர், 2001-இல் 73 ஹோம் ரன் அடித்து மெக்வயரின் சாதனையைத் தகர்த்தார். அவ்வாண்டு தொடங்கி 2004 வரை நான்கு ஆண்டும் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே, மொத்தம் ஏழு. வேறெவரும் அத்தனை பெற்றதில்லை. அவரைக் கண்டு எறிபவர்கள் அஞ்சிய அச்சத்தை ஒரு கணக்குக் காட்டும். 2004-ஆம் ஆண்டில் 232 முறை அவரை அடிக்க விடாமல் முதல் தளத்துக்கு நடத்தி அனுப்பினர். அவற்றுள் 120 முறை வெளிப்படையாகவே, வேண்டுமென்றே. பேப் ரூத் தம் சிறந்த ஆண்டில் அவ்வாறு நடந்தது 170 முறைதான்.

2003 ஆகஸ்டில் தந்தை பாபி பாண்ட்ஸ் இறந்தார். அடுத்த மாதமே, ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கு அண்மையிலுள்ள பர்லிங்கேம் என்னும் ஊரில், 'பால்கோ' என்ற ஊட்டச்சத்து நிலையத்தை அரசு அதிகாரிகள் சோதனையிட்டனர். அப்போதைய சோதனைகளுக்கு அகப்படாதவாறு ஆக்கப்பட்ட ஸ்டீராய்டு, ஓட்டப்பந்தய வீரர்களுக்கும் பிற ஆட்டக்காரர்களுக்கும் அங்கிருந்து சென்றது வெளியாயிற்று. பாண்ட்ஸின் உடற்பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்ஸன் அந்நிலையத்தோடு தொடர்புடையவர். அவ்வாண்டு டிசம்பரில் பாண்ட்ஸ் கிராண்ட் ஜூரியின் முன் உறுதிமொழி கூறிச் சாட்சி சொன்னார். பயிற்சியாளர் தந்தவற்றைத் தாம் ஆளிவிதை எண்ணெய் என்றும், மூட்டுவலிக்கான களிம்பு என்றும் கருதியதாகவும், அறிந்து எந்த ஸ்டீராய்டும் உட்கொண்டதில்லை என்றும் அவர் கூறினார். 2006-இல் பத்திரிகையாளர் இருவர் 'கேம் ஆஃப் ஷேடோஸ்' என்னும் நூலில் இதற்கு மாறாக விரிவாக எழுதினர்; மெக்வயருக்கும் ஸோஸாவுக்கும் கிடைத்த ஆரவாரத்தைக் கண்ட பின்னரே பாண்ட்ஸ் மருந்தை நாடினார் என்பது அந்நூலின் வாதம். பாண்ட்ஸ் அதை ஏற்றதில்லை.

இந்த நிழல் படிந்த நிலையிலேதான் 2007-ஆம் ஆண்டின் ஓட்டம் நடந்தது. ஸான்பிரான்ஸிஸ்கோ மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். வெளியூர்க் களங்களில் ஏளனக் கூச்சலும் நட்சத்திரக் குறி தீட்டிய அட்டைகளும் வரவேற்றன. ஸான்டியேகோவில் 755-ஆவது அடி விழுந்தபோது ஆட்ட ஆணையர் பட் ஸெலிக் அங்கிருந்தார். எழுந்து நின்றார், ஆனால் கால்சட்டைப் பைகளினின்றும் கைகளை எடுக்கவில்லை. 756-ஆவது அடி விழுந்த இரவு அவர் வரவும் இல்லை. ஹாங்க் ஆரனும் நேரில் வரவில்லை. ஆனால் களத்துப் பெருந்திரையில் அவர் முகம் தோன்றிற்று. முன்பே பதிவுசெய்த வாழ்த்துரையைக் கண்ணியமாகக் கூறினார்.

அந்த முகத்தின் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. அலபாமா மாநிலத்தில் மொபைல் நகரில் பிறந்த கறுப்பினத்தவர் ஆரன். வெள்ளையராகிய பேப் ரூத்தின் 714 என்ற எண்ணை அவர் நெருங்கியபோது, கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. 1974 ஏப்ரல் 8-ஆம் நாள் அட்லாண்டாவில் 715-ஆவது ஹோம் ரன் அடித்தபோது, மகிழ்ச்சியினும் விடுதலையையே அவர் உணர்ந்திருப்பார் என்று நாம் எண்ணலாம். அத்தனை விலை கொடுத்து ஈட்டிய எண்ணை, ஐயத்துக்கு உள்ளான ஒருவர் கடக்கும்போதும் அவர் வாழ்த்தினார். 2021 ஜனவரியில் ஆரன் மறைந்தார். 'எங்கள் நெஞ்சில் சாதனை அவருடையதே' என்று கூறும் அமெரிக்கர் இன்றும் பலர்.

756-ஆவது பந்தை ஏலத்தில் உடை வடிவமைப்பாளர் ஒருவர் 7,52,467 டாலருக்கு வாங்கினார். அதை என் செய்வது என்று பொதுமக்களிடமே வாக்குக் கேட்டார். குறி பொறித்துக் காட்சிச்சாலைக்கு அனுப்புக என்ற கட்சி வென்றது. இவ்வாறுதான் நாம் தொடக்கத்தில் கண்ட நட்சத்திரம் அதன்மேல் ஏறிற்று. பாண்ட்ஸ் அந்தச் செப்டம்பரில் 762-ஆவது ஹோம் ரன் அடித்தார். அதுவே கடைசி. அடுத்த ஆண்டு எக்குழுவும் அவரை அழைக்கவில்லை.

மக்கள் தீர்ப்பு இதுவாக, நீதிமன்றத் தீர்ப்பு என்ன? பொய்ச்சாட்சி சொன்னார், நீதிக்கு இடையூறு விளைத்தார் என்று 2007 நவம்பரில் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆண்டர்ஸன் சாட்சி சொல்ல மறுத்துச் சிறை புகுந்தார். அவர் வாய் திறவாததால், அரசுத் தரப்பின் முக்கியமான பரிசோதனைத் தாள்கள் சிலவற்றை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2011 ஏப்ரலில் பொய்ச்சாட்சிக் குற்றங்கள் மூன்றிலும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஊசிமருந்து பற்றிய கேள்விக்கு நேர்விடை தாராமல், தாம் புகழ்பெற்றவர் மகனாய் வளர்ந்ததைப் பற்றிப் பேசிய ஒரே விடைக்காக, நீதிக்கு இடையூறு என்ற குற்றம் மட்டும் நிலைத்தது. அதையும் 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்துக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால் தள்ளிவிட்டது. எட்டாண்டு வழக்கின் முடிவில் அவர்மேல் எஞ்சிய குற்றத் தீர்ப்பு ஒன்றும் இல்லை. மருந்தின் பொருட்டு ஆட்ட நிர்வாகம் அவரை ஒரு நாளும் இடைநீக்கம் செய்ததும் இல்லை.

புகழ் மண்டபத்துக்கு ஆள் தேர்வோர் பேஸ்பால் பத்திரிகையாளர் சங்கத்தினர். நூற்றுக்கு எழுபத்தைந்து வாக்கு வேண்டும். பத்து ஆண்டு முயலலாம். நேர்மையையும் ஒழுக்கத்தையும் கருதுக என்று அவர்களுக்கு விதி உண்டு. பாண்ட்ஸுக்கு 2013-இல் கிடைத்தது 36.2 விழுக்காடு, பத்தாவதாகிய 2022-இல் 66 விழுக்காடு. கதவு அடைந்தது. சிறு குழுவொன்று மீண்டும் ஆராய்ந்து 2022 டிசம்பரிலும் 2025 டிசம்பரிலும் அவரை விலக்கிற்று. 2025-இல் அக்குழு தேர்ந்தெடுத்தவர் ஜெப் கென்ட்; ஜயண்ட்ஸ் குழுவில் பாண்ட்ஸின் தோழராய் ஆடியவர், அவரோடு பிணங்கியவர். மருந்துக் காலம் முழுவதும் ஆணையராய் இருந்த பட் ஸெலிக்கோ 2017-லேயே மண்டபத்தில் இடம்பெற்றுவிட்டார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். பாண்ட்ஸை முற்றும் குற்றமற்றவர் என்று நாட்டுவது நம் நோக்கமன்று. எந்தச் சாதனையும் தன் காலத்தின் நிழல் படாமல் நிற்பதில்லை என்று அவர் தரப்பில் வாதிப்போர் உளர். பேப் ரூத் ஆடிய காலத்தில் கறுப்பர்க்குப் பெருங்குழுக்களில் இடமே இல்லை. ஜாக்கி ராபின்ஸன் 1947-இல் வந்த பின்னரே அத்தடை உடைந்தது. ஆகவே ரூத் எதிர்கொண்டது பாதி உலகத்தை மட்டுமே என்பர். உண்மைதான். ஆயினும் காலம் ஒருவர்மேல் சுமத்திய நிலை வேறு. ஒருவர் மறைவில் தேடிக்கொண்ட துணை வேறு. மருந்து தொடாமல் ஆடி, நாற்பது அடிக்கும் இடத்தில் முப்பது அடித்து, ஊர் திரும்பிய பெயர் அறியாத வீரனுக்கு அந்த வாதம் என்ன ஆறுதல் தரும்? தான் தூயவன் என்று மெய்ப்பிக்கவும் அவனுக்கு வழியில்லை. அவன் நாளில் சோதனையே இல்லையே!

நாம் கருதுவது இது. எண் என்பது ஆட்டக்காரர் ஒருவருக்கு மட்டும் உரிய சொத்தன்று. அதை நம்பிப் பாட்டன் பேரனுக்குக் கதை சொல்கிறான். கடையில் துலாக்கோலை முத்திரையிட்டுச் சரிபார்ப்பது அதிகாரியின் கடமை. சரக்கு நிறைய விற்கிறதென்று அவர் கண்ணை மூடிக்கொண்டால், பின்னர் எந்த வாடிக்கைக்காரர் வீட்டுக்குக் குறைந்த எடை போயிற்று என்று எவராலும் கணக்கிட முடியாது. 1998-இல் களங்கள் நிறைந்தன, நிர்வாகம் மகிழ்ந்தது, பத்திரிகைகள் பாராட்டின, மக்கள் செய்தி எழுதியவரைக் கடிந்தனர். ஆண்டுகள் கழிந்தபின், அந்தப் பழி முழுவதையும் ஒரு மனிதரின் தலையில் ஏற்றி ஒரு பந்தின்மேல் முத்திரை குத்தினால் துலாக்கோல் சரியாகிவிடாது. அவர் பங்கு அவருக்கு உண்டு. அது பெரிய பங்காகவும் இருக்கலாம். மற்றவர் பங்கை யார் சுமப்பது?

நேயர்களே, உங்கள் வீட்டுச் சிறுவன் ஒருவன், 'பேஸ்பாலில் மிகுதியாக ஹோம் ரன் அடித்தவர் யார்?' என்று கேட்பானாயின், தயங்காமல் 'பாரி பாண்ட்ஸ், 762' என்றே சொல்லுங்கள். ஏட்டில் உள்ளது அதுதான். அதோடு நிறுத்தாமல், 755 என்ற எண்ணையும் அதை ஈட்டியவர் பெற்ற கடிதங்களையும் சொல்லுங்கள். சோதனையின்றிப் போன பதின்மூன்று ஆண்டுகளையும் சொல்லுங்கள். 1998 மே மாதத்தில் ஓர் ஓட்டத்தைத் தானம் கொடுத்தேனும் விலக்க வேண்டியிருந்த, மருந்தின் பேச்சு எழுமுன்னரே பெரியவராயிருந்த ஒரு வீரரையும் சொல்லுங்கள். குறியின் அடியில் எழுத வேண்டியவை இவை அனைத்தும்.